அப்பத்தா எதற்குச் சிரித்தார்? பழைய ரேடியோ நாடகப் பேச்சு பற்றி ஒரு சந்தேகம்

#1 சிம்மக்கல்காரன்

பரணை ஒதுக்கும்போது அப்பாவின் கேசட் பெட்டி கிடைத்தது. முக்கால்வாசி பக்திப் பாட்டு. ஒன்றின் மேல் மட்டும் நீல மையில் 'சிரிப்பு நாடகம், ஞாயிறு, திருச்சி' என்று அவர் கையெழுத்து. வருஷமும் இல்லை, நாடகத்தின் பெயரும் இல்லை. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒருவரிடம் பழைய டேப் ரிக்கார்டருக்கு பெல்ட் மாற்றி வாங்கி வந்து, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம்.

அப்பா ஒயர் எதுவும் கொடுத்துப் பதியவில்லை. ரேடியோவுக்கு முன்னால் டேப்பை வைத்து பொத்தானை அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். அதனால் நாடகத்தோடு எங்கள் வீடும் பதிவாகிவிட்டது. 'குழம்ப இறக்கிரட்டுமா' என்று அம்மா. 'உஷ்' என்று அப்பா. ஒரு இடத்தில் ஏதோ பாத்திரம் விழுந்து உருள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே அப்பத்தாவின் சிரிப்பு. அவர் போய்ச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

விஷயம் இதுதான். அப்பத்தா சிரிக்கும் இடங்களில் என் மகள் (ஒன்பதாம் வகுப்பு) சிரிக்கவே இல்லை. இவள் சிரித்த இடங்களில் அப்பத்தா கப்சிப். மேடைக் காட்சியில் பண்ணையார் 'அக்கிராசனர் அவர்களே' என்று ஆரம்பித்ததும் இவளுக்கு அடக்க முடியவில்லை. 'அபேட்சகர்' என்றதும் அது ஏதோ வியாதி என்று நினைத்தாளாம். ஆனால் வேலைக்காரன் பேச்சு அவளுக்கு வேடிக்கையாகவே படவில்லை. 'இந்தத் தாத்தா நம்ம சோழவந்தான் பாட்டி மாதிரிதானப்பா பேசுறாரு' என்கிறாள்.

எனக்கே புரியாத இடம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடக் காட்சியில் வாத்தியார் ஏதோ கேட்கிறார், பையன் 'சென்னை மாகாணிங்க' என்கிறான். அங்கே அப்பத்தா சிரித்த சிரிப்பில் அடுத்த இரண்டு வசனம் காதிலேயே விழவில்லை. மாகாணத்தை மாகாணி என்று சொன்னதில் என்ன அப்படிச் சிரிப்பு? வாத்தியார் கேட்ட கேள்வியும் தெரியவில்லை. பாத்திரம் விழுவது சரியாக அந்த இடத்தில்தான்.

#2 மேலூர்_மாப்ள

பங்காளி, நாடகம் கெடக்கட்டும். அப்பத்தா சிரிப்பு இருக்குல்ல, அதை மொதல்ல காப்பி எடுத்து நாலு எடத்துல வைங்க. பழைய கேசட் எப்ப வேணாலும் சிக்கிக்கிரும்.

மாகாணி எனக்கும் தெரியலை. வேலைக்காரன் என்ன பேசுறாருன்னு கொஞ்சம் எழுதுங்களேன். நெசமாவே நம்ம பக்கத்துப் பேச்சா, இல்லை ரேடியோவுல வர்ற 'கும்பிடறேன் சாமியோவ்' பேச்சான்னு பாத்திருவோம்.

#3 குழாய்ரேடியோ

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் மைக்செட் தொழில். அண்ணே, கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்துவிட்டு, ஒரே தடவை கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள். குரல் எல்லாம் கீச்சென்று கேட்டால் நடிகர்கள் மேல் பழி போட வேண்டாம், மோட்டார் வேகம் கூடியிருக்கும். அதற்கென்று ஒரு சின்னத் திருகு உண்டு, ரிப்பேர்க்காரருக்குத் தெரியும்.

உச்சரிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. 1965-ல் வந்த திருவிளையாடல் படத்தின் தருமி வசனத்தைக் கல்யாணம், காதுகுத்து, பொங்கல் என்று எங்கள் குழாயில் போடாத வீடில்லை. படத்தையே பார்க்காத பிள்ளைகள்கூட நாகேஷ் மாதிரி மூச்சு வாங்கி ஒப்பிப்பார்கள். கடைக்குப் போய் 'வாளப்பளம்' கேட்கிற அதே பிள்ளை, 'கொங்குதேர் வாழ்க்கை' என்று வரும்போது மட்டும் நாக்கை மடித்து 'ழ' போடும். குறுந்தொகைப் பாட்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த வழி அதுதான்.

#4 சிம்மக்கல்காரன்

ஏற்றிவிட்டேன் தம்பி, நன்றி. காதில் மாட்டிக்கொண்டு கேட்டு எழுதியதில் சில:

வேலைக்காரன் பண்ணையாரிடம் 'எங்கிட்டுப் போறீக', 'வெள்ளனா வந்துட்டேன்' (சீக்கிரமே), 'வெஞ்சனம் என்ன வைக்க' (தொட்டுக்கொள்ள) என்கிறான். ஒவ்வொன்றுக்கும் வேண்டுமென்றே கொஞ்சம் இழுக்கிறார் நடிகர், சிரிக்க வைக்கத்தான்.

வெளியூரிலிருந்து வந்த அதிகாரி 'நீ யாரப்பா?' என்று கேட்க ஒருவன் 'நான் சம்சாரிங்க' என்கிறான். 'அப்படியா, எத்தனை குழந்தை?' 'இன்னும் கல்யாணமே ஆகலைங்களே.' அப்பத்தா சிரிப்பு. மகள் என் முகத்தைப் பார்க்கிறாள்.

அதிகாரி வருகிறார் என்றதும் பண்ணையார் அம்மா 'ஐயையோ, அந்தப் பொட்டியத் தூக்கிக் குலுக்கைக்குள்ள போடு' என்று கத்துகிறார். அப்பாவும் சேர்ந்து சிரிக்கிறார். எந்தப் பெட்டி, ஏன் குலுக்கைக்குள் போட வேண்டும்?

தந்தி வருகிறது. பிரித்துப் படிக்கும் முன்பே வீட்டுப் பெண்கள் எல்லாம் ஒப்பாரி வைக்கிறார்கள். படித்தால் 'மாமியார் நாளை வருகிறார்'. அதைக் கேட்டுப் பண்ணையார் தனியாக அழ ஆரம்பிக்கிறார். மாமியார் ஜோக் மகளுக்குப் புரிந்தது. ஆனால் முதலில் ஏன் அழுதார்கள் என்றுதான் கேட்டாள். இது மட்டும் எனக்குத் தெரியும், சொன்னேன். சாவு என்றால்தான் தந்தி வரும், தந்திக்காரன் சைக்கிள் தெருவில் திரும்பினாலே வயிறு கலங்கும் என்று. 2013 ஜூலையோடு தந்தியே நின்றுபோனதால் அவளுக்கு இது ராஜா கதை மாதிரி.

#5 கரிசல்மகள்

கோவில்பட்டியில் பிறந்து மதுரைக்கு வாக்கப்பட்டு வந்தவள். சம்சாரிக்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி. பெண்டாட்டி பிள்ளை இருக்கிறதா என்பது கணக்கே இல்லை. ஏர் பிடித்தால் சம்சாரி. வடக்கே இருந்து வந்த அதிகாரிக்குக் குடும்பஸ்தன். ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்டதுதான் ஜோக். எழுதியவர் கண்டிப்பாகத் தெற்கத்தி ஆள்.

குலுக்கை, தானியம் கொட்டி வைக்கும் மண்குதிர். எங்கள் ஆச்சி வீட்டில் ஆள் உயரத்துக்கு ஒன்று நின்றது, கண்ணாமூச்சி விளையாட்டில் நாங்களே உள்ளே இறங்கி உட்காருவோம். பெட்டி எதுவென்று எனக்கும் தெரியவில்லை.

அப்புறம், தலைப்பில் 'பழைய பேச்சு' என்று போட்டிருக்கிறீர்களே, யாருக்குப் பழையது? வெள்ளனா, வெஞ்சனம், எங்கிட்டு எல்லாம் இன்று காலைகூட என் மாமியார் வாயில் வந்தன. உங்கள் மகளுக்கு வேலைக்காரன் பேச்சு சாதாரணமாகப் பட்டதே, அந்த இடத்தில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. அன்று சிரிக்க வைக்க எழுதிய பேச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. கௌரவமாக எழுதிய பண்ணையார் பேச்சுதான் செத்துப்போய் இப்போது பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

#6 மேலூர்_மாப்ள

மதினி போட்டாய்ங்க பாரு ஒரு போடு.

#7 ஹார்மோனியப்பெட்டி

நாடகக் கொட்டகையில் ஆர்மோனியத்துக்குப் பின்னால் ஐம்பது வருஷம் உட்கார்ந்தவன். நடுவில் ரேடியோ நாடகங்களிலும் அவ்வப்போது தலைகாட்டியதுண்டு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொட்டி என்றால் ரேடியோப் பெட்டிதான். அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருந்தால் தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் புஸ்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். கட்டாதவன் வீட்டுக்கு யார் கறுப்புக் கோட்டு போட்டு வந்தாலும் பயம்தான். ரேடியோவில் நாடகம் கேட்டுக்கொண்டே ரேடியோவை ஒளித்து வைக்கிற ஜோக்குக்குச் சிரித்திருக்கிறார்கள் பாருங்கள். உங்கள் அப்பா லைசென்ஸ் கட்டினாரா என்பதை நான் கேட்கமாட்டேன்.

அக்கிராசனர் என்றால் முன் ஆசனத்தில் இருப்பவர், அதாவது கூட்டத் தலைவர். அபேட்சகர், தேர்தலில் நிற்பவர். அபேட்சை என்றால் விருப்பம். பின்னால் வந்த 'வேட்பாளர்' என்ற சொல்லைப் பார்த்தால் அதிலும் வேட்பு, அதே விருப்பம்தான். ஆடை மாறியது, ஆள் மாறவில்லை. காரியதரிசி செயலாளர் ஆனார், பிரசங்கம் சொற்பொழிவு ஆனது, ஸ்ரீமான் திரு ஆனார். மறைமலையடிகள் 1916-ல் தொடங்கி வைத்த தனித்தமிழ் கொட்டகைக்குள் வர வருஷம் பிடித்தது. 1967-க்குப் பிறகு சர்க்கார் காகிதத்திலேயே மாறிவிட்டது. அதன் பிறகு மேடையில் 'அக்கிராசனர்' என்றவன் கிழவன் வேஷக்காரனாகத்தான் இருப்பான்.

உச்சரிப்புக்கு வருகிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் பால சபையை ஆரம்பித்தது 1918-ல். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுபிள்ளைகளாக அதில் சேர்ந்தவர்கள். பிறகு அவர்கள் குழுவில் வந்து சேர்ந்தவர் கலைவாணர். இந்தப் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள் படித்ததெல்லாம் மைக் இல்லாத மேடையில். கடைசியில் தரை டிக்கெட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பவன் காதுக்கும் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் கடித்துத் துப்பிப் பேசுவார்கள். 'ர'வை உருட்டு, 'ழ'வை மடி, வாக்கியத்தின் கடைசி எழுத்தை விழுங்காதே. விழுங்கினால் வாத்தியார் பிரம்பு பேசும். அந்த வாயோடுதான் பல பேர் ரேடியோவுக்குப் போனார்கள். அங்கே மைக் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. ஆனாலும் பழக்கத்தை விடவில்லை, விட்டிருந்தால் நமக்குக் கேட்டிருக்காது. மீடியம் வேவில் கூரான ஓசையெல்லாம் பாதி வெட்டுப்பட்டுத்தான் வந்து சேரும். ச, ஸ, ஷ எல்லாம் ஒரே இரைச்சல். இருட்டினால் ஸ்டேஷன் ஏறும் இறங்கும், பக்கத்து ஸ்டேஷன் குறுக்கே பாடும். அதற்குள் ஒரு சொல் தப்பித்து வர வேண்டுமானால் அதைக் கொஞ்சம் தடியாகத்தான் அனுப்ப வேண்டும்.

இன்றைக்கும் நம் பக்கத்துத் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் நடந்தால் பபூன் வரும்போது கேட்டுப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே மைக் தொங்கும், ஆனாலும் கண்மாய்க் கரைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

#8 கரிசல்மகள்

ஐயா, உச்சரிப்புக்கு நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மைக்கும் மீடியம் வேவும் பாதிதான். யாருக்கு எந்தப் பேச்சைக் கொடுத்தார்கள் என்பதும் இருக்கிறதல்லவா? மயிலாப்பூர் பாஷை பேசினால் வக்கீல், டாக்டர், மாப்பிள்ளை. நம் பேச்சு என்றால் சமையல்காரன், வண்டிக்காரன், திருடன். மதுரைக்கென்று ஸ்டேஷன் வந்ததே 1987-ல்தான். திருச்சி 1939, திருநெல்வேலி 1963. அதுவரை மதுரைக்காரன் கேட்டது எல்லாம் அடுத்த ஊர் வாய்.

எங்கள் ஆச்சி கதை ஒன்று. நாடகத்தில் அந்த வீட்டு அம்மா புருஷனை 'ஏன்னா, ஏன்னா' என்று கூப்பிடுவாள். நமக்கு 'ஏன்னா' என்றால் 'ஏனென்றால்'தானே? ஆச்சி ரொம்ப நாள் வரைக்கும் 'இந்தப் பொம்பளை எதைச் சொன்னாலும் காரணம் சொல்லத்தான் வர்றா, முழுசாச் சொல்லவே விடமாட்டேங்குறான் அந்த ஆளு' என்று அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தாள்.

#9 மேலூர்_மாப்ள

ஏன்னா... சிரிச்சு வயிறு வலிக்குது.

#10 தேயிலைத்தூள்

எங்கள் குடும்பம் கண்டிப் பக்கம் தோட்டத்தில் இருந்து, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தது. அப்பா கப்பலில் கொண்டுவந்த சாமான்களில் ரேடியோ ஒன்று. மதுரையில் உட்கார்ந்தும் அவர் கேட்டது இலங்கை வானொலிதான். அவர் மட்டுமா, இந்த ஊரில் பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்கள், பாட்டுக்காக.

பேச்சை வைத்தே சிரிக்க வைப்பது என்றால் 'கோமாளிகள்' தொடரைச் சொல்ல வேண்டும். எஸ். ராமதாஸ் எழுதியது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று நாலு பேர். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ். நாலும் நாலு திசைக்கு இழுக்கும். அது 1976-ல் படமாகவும் வந்தது. இதில் எனக்குப் பிடித்தது, நாலு பேருமே கோமாளிகள். ஒருத்தன் பேச்சு ஒழுங்கு, மற்றவன் பேச்சு கோணல் என்று இல்லை. கரிசல் அக்கா கேட்டதற்கு அங்கே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள் என்று தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்துக்காரர் 'காற்று' என்று சொல்வதை அப்பா எங்களுக்குச் செய்து காட்டுவார். நாம் பேச்சில் காத்து என்போம், மேடையில் 'காற்ற்ரு' என்று ஒரு ரகரத்தைச் சேர்ப்போம். அவர்கள் இரண்டும் இல்லாமல் நுனிநாக்கில் ஒரு தட்டு தட்டி விடுவார்கள். ரேடியோவை அவர்கள் 'றேடியோ' என்று எழுதுவார்கள்.

#11 குழாய்ரேடியோ

எங்கள் தாத்தா 'லேடியோ'. கடைசி வரைக்கும் 'லேடியோ'தான். குழாய் ரேடியோக்காரர் வீட்டுப் பெரியவரே இப்படி.

#12 தறிச்சத்தம்

சௌராஷ்டிரக்காரன், தெற்குமாசி வீதிக்கு அந்தப் பக்கம். ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், சண்டைக்கு இல்லை. அந்த நாடகங்களில் சேட்டு வந்தால் 'நம்பள்கி, நிம்பள்கி'. கூர்க்கா வந்தால் 'சாப்'. மதுரையில் நடக்கிற கதை என்றால் எங்கள் ஆளும் ஒருத்தர் வந்து தமிழைக் கொன்றுவிட்டுப் போவார். வீட்டில் நாங்களும் சிரித்தோம், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதே மாதிரி பேசிக்காட்டி என்னைச் சுற்றி நின்றார்கள், அப்போது சிரிப்பு வரவில்லை.

#13 சிம்மக்கல்காரன்

தறிச்சத்தம் அண்ணே, புரிகிறது. இந்தக் கேசட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. காது கேட்காத கடைக்காரர். 'கத்திரிக்காய் வீசை என்ன விலை?' என்றால் 'என் மீசைக்கு என்னய்யா விலை?' என்று சண்டைக்கு வருகிறார். இதே ஜோக் நாலு தடவை. நாலாவது தடவை அப்பத்தாவே சிரிக்கவில்லை. என் மகளோ வீசையே தெரியாததால் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

#14 மேலூர்_மாப்ள

வீசைன்னா நாப்பது பலம், இப்ப கணக்குக்கு ஒண்ணே முக்காலு... இல்லல்ல, ஒண்ணு நானூறு கிலோ. எங்க அய்யா காய்கறிக் கமிஷன் கடைக்குப் போனாருன்னா கிலோவுல வாங்கிட்டு வந்து வீட்டுல வீசைல சொல்லுவாரு. அப்பத்தான் மலிவா வாங்குன மாதிரி இருக்குமாம்.

அதே மாதிரி அணா. 1957-லயே நயா பைசா வந்துருச்சு, ஆனா நாலணா எட்டணாவை விட்டோமா? 2011-ல இருபத்தஞ்சு பைசாவைச் செல்லாதுன்னு சொல்ற வரைக்கும் எங்க ஊருப் பெட்டிக்கடைல அது நாலணாதான். இப்பவும் ஒண்ணுக்கும் ஆகாதவனை 'எட்டணாவுக்குப் பெறாத பய'ங்குறோம். ஓட்டைக் காலணா மட்டும் போயிருச்சு. நடுவுல ஓட்டை போட்ட செப்புக் காசு. எங்க அப்பத்தா அதைக் கயித்துல கோத்துப் பிள்ளைக இடுப்புல கட்டுனதாச் சொல்லுவாங்க.

ஆமா, 'அம்பேல்'னு விளையாட்டுல சொல்றோமே, அது இங்கிலீசு 'ஐயாம் ஆன் பெயில்'னு ஒருத்தர் சொன்னாரு, நெசமா?

#15 கரிசல்மகள்

தம்பி, அந்த மாதிரி கதைகளை நம்பாதே. கேட்க அழகாக இருக்கிறது என்பதற்காக யாரோ கட்டியது போலத்தான் இருக்கிறது. நிஜமாகவே வேர் தெரிகிற வசவுகள் இருக்கின்றன. மெட்ராஸ் பாஷை நாடகத்தில் வரும் 'பேமானி', உருதுவில் 'பே-ஈமான்', நேர்மை இல்லாதவன். 'கஸ்மாலம்' சமஸ்கிருதம். கீதையில் கண்ணன் அர்ஜுனனிடமே இந்த வார்த்தையைத்தான் பயன்படுத்துகிறான், எங்கிருந்து வந்தது உனக்கு இந்தக் கஸ்மலம் என்று. ரிக்‌ஷாக்காரன் வாயில் அதைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு அது தெரிந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்கள்.

#16 நடுவர்

வசவுகளுக்குத் தனி இழை ஏற்கனவே இருக்கிறது, அங்கே தாராளமாகத் திட்டிக்கொள்ளலாம். இங்கே மாகாணிக்கு யாராவது பதில் சொல்லுங்கள், நானும் காத்திருக்கிறேன்.

#17 ஹார்மோனியப்பெட்டி

கரிசல் அம்மாவுக்கு ஒரு பதில் பாக்கி. வேலைக்காரனுக்கு நம் பேச்சு, எஜமானுக்கு வேறு பேச்சு என்றீர்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று. கொட்டகையில் ராஜபார்ட் பேசும்போது சனம் பாதி தூங்கும். பபூன் வந்ததும் எழுந்து உட்காரும். ரேடியோவிலும் அப்படித்தான். விவசாய நிகழ்ச்சியில்கூட அந்தக் கிராமத்துப் பேச்சை வைத்துத்தான் ஆளை உட்கார வைத்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்தது. திருச்சி ரேடியோ சொல்லிச் சொல்லியே பரவிய நெல். அக்கிராசனர் பாஷையில் சொல்லியிருந்தால் ஒருவனும் விதைத்திருக்க மாட்டான்.

பூர்ணம் விஸ்வநாதன் டில்லியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். பின்னால் அவரே நாடகத்திலும் சினிமாவிலும் நம்மைச் சிரிக்க வைத்தார். செய்தி வாசித்த அதே சுத்தமான வாய்தான். சிரிப்புக்குக் கோணல் பேச்சு கட்டாயம் இல்லை என்பதற்கு அவர் ஒருத்தர் போதும்.

#18 கரிசல்மகள்

தூங்கும் சனத்தை எழுப்பத்தானே கூப்பிட்டார்கள் ஐயா, தலைமை தாங்க இல்லையே. சரி, விடுங்கள். ரேடியோ நெல் எனக்குப் புதுசு, அதை வைத்துக்கொள்கிறேன்.

#19 பாக்குவெட்டி

நான்கு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மாகாணியை எங்கள் அம்மாச்சியிடம் கேட்டேன், வயது தொண்ணூற்று ஒன்று, திருமங்கலம். கேட்டதும் முதலில் என்னைத் திட்டினார், இதுகூடத் தெரியாமலா காலேஜுக்குப் போனாய் என்று.

மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. கால், அரைக்கால், மாகாணி. கால் நாலில் ஒன்று, அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கீழ்வாய் இலக்க வாய்பாடு என்று இதைத் தலைகீழாகச் சொல்ல வைப்பார்களாம். நாலு மாகாணி கால், எட்டு மாகாணி அரை, பன்னிரண்டு மாகாணி முக்கால், பதினாறு மாகாணி ஒன்று. தப்பினால் கோதண்டம், அதாவது விட்டத்தில் கயிறு கட்டித் தொங்க விடுவது.

ஆகவே வாத்தியார் 'மாகாணின்னா என்னடா?' என்று கேட்டிருப்பார். பையனுக்குக் கணக்கு தெரியாது. ஊரெல்லாம் 'சென்னை மாகாணம், சென்னை மாகாணம்' என்று பேசுவது காதில் விழுந்திருக்கும், அதை எடுத்து விட்டான். 'சென்னை மாகாணிங்க.' இதைச் சொன்னதும் அம்மாச்சியும் பல் இல்லாத வாயால் அப்படிச் சிரித்தார். 1969-ல் பேர் தமிழ்நாடு ஆகிவிட்டது, காசிலிருந்து அணா அதற்கு முன்பே போய்விட்டது. ஜோக்கின் இரண்டு காலும் ஒடிந்துவிட்டன, உங்கள் மகள் எப்படிச் சிரிப்பாள்?

#20 மேலூர்_மாப்ள

அம்மாச்சிக்கு ஒரு கும்பிடு. அதான் ரூவாய்ல பதினாறணாவா! ஒரு மாகாணி ரூவா ஒரு அணா. 'பதினாறணா உண்மை'ன்னு எங்க அய்யா சொல்லும்போதெல்லாம் ஏன் பதினாறு, ஏன் பதினேழு இல்லைன்னு நெனச்சிருக்கேன்.

#21 சிம்மக்கல்காரன்

பாக்குவெட்டி, ரொம்ப நன்றி. அம்மாச்சிக்கும்.

நேற்று ராத்திரி மகளுக்கு இதைச் சொன்னேன். அவள் உடனே கால்குலேட்டரைத் தட்டி 'அப்போ ஒரு அணா ஆறேகால் பைசாவா?' என்றாள். அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டோம். கேள்வி என்னவென்று தெரிந்த பிறகு காதில் விழுகிறது, 'மாகாணின்னா என்னடா'தான். பாத்திரச் சத்தம் 'ன்னா'வின் மேல் விழுந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம், அப்பத்தா சிரித்து முடித்த பிறகு மெதுவாக ஏதோ முணுமுணுக்கிறார். இத்தனை நாளும் அதை இருமல் என்றே நினைத்தோம். குழாய்ரேடியோ தம்பி சொன்னபடி வேகத்தைக் குறைத்துக் கேட்டால் 'நாலு மாகாணி காலு, எட்டு மாகாணி அரை, பன்னெண்டு மாகாணி முக்காலு' என்று ராகத்தோடு போகிறது. பதினாறுக்கு வரும் முன் அப்பா மறுபடியும் 'உஷ்' என்கிறார்.

அப்பத்தா கைநாட்டு. பேங்கில், பத்திரத்தில், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும் பெருவிரல்தான். பள்ளிக்கூடம் போனதாக யாரும் சொன்னதே இல்லை.

#22 ஹார்மோனியப்பெட்டி

கூடப்பிறந்த தம்பி தங்கை யாரையாவது இடுப்பில் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வெளியே நின்று கேட்டிருப்பார். என் அக்காவும் அப்படித்தான். எழுதத் தெரியாது, வாய்பாடு முழுக்கத் தெரியும். சந்தையில் அவரை ஒருவனும் ஏமாற்ற முடியாது.

#23 கரிசல்மகள்

உங்கள் வீட்டில் மூத்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்களேன்.

#24 சிம்மக்கல்காரன்

கேட்டேன். அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, அலங்காநல்லூரில் இருக்கிறார். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி போனில் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். குரலே சரியில்லை. ஐயா சொன்னது சரி. அப்பத்தாவின் தம்பிக்குக் கால் முடியாதாம், தினமும் தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் விட்டு, பள்ளிக்கூடம் விடும் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாராம். தம்பியைவிட அக்காதான் முதலில் ஒப்பிப்பாள் என்று வாத்தியார் சொல்லிச் சிரிப்பாராம்.

வைக்கப் போகும்போது அத்தை சொன்னது: 'ஏய்யா, அதுல ஒரு சட்டி உருளுதுல்ல, அது நான்தேன். அன்னைக்கு ஊர்ல இருந்து வந்திருந்தேன். ஒங்கப்பன் ஒரு வாரம் எங்கூடப் பேசலை.'